காலை ஏழு மணிக்கு மூடிக் கிடக்கும் ஊர்: கண்டி மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மாநகர முதல்வர் அவர்களுக்கும், சபை உறுப்பினர்களுக்கும், ஆணையாளருக்கும், அப்புறம் இந்த ஊரில் பாடசாலை மணியை எத்தனை மணிக்கு அடிப்பது என்று தீர்மானிக்கும் கல்வித் திணைக்களப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

இது ஐப்பசி மாதம். பின்னேரம் மூன்று மணிக்கு இடி முழங்குகிறது, நாலு மணிக்கெல்லாம் மழை ஊரைக் கழுவி விட்டுவிடுகிறது. காலையில் ஹந்தானை மேட்டில் நின்று பார்த்தால் பஹிரவகந்தைப் புத்தர் சிலை துடைத்து வைத்த மாதிரித் தெரிகிறது, அதற்கும் அப்பால் நக்கிள்ஸ் மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதும் தெரிகிறது. கண்டியில் காற்று கெட்டுக் கிடக்கிறது என்று இந்த மாதத்தில் யாராவது சொன்னால் அவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்பார்கள். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். ஜனவரியில் எழுதினால், கூட்டம் வைத்து, குழு போட்டு, அந்தக் குழு அறிக்கை கொடுப்பதற்குள் ஏப்ரல் மழை வந்துவிடும். மழை வந்தால் எல்லாருக்கும் மறந்துபோகும், எனக்கும் சேர்த்துத்தான்.

நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். பழைய டொல்பின் வேன், டீசல், பதினாலு பிள்ளைகள். ஹந்தானைப் பக்கம் இருந்து ஏற்றிக்கொண்டு டவுனுக்குள் மூன்று பாடசாலைகளில் இறக்கிவிடுவேன். புகை விடுகிறவனே புகையைப் பற்றி மடல் எழுதுகிறானே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் பதினாறு வருடமாக ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இறங்குகிறவனுக்குச் சில விஷயங்கள் தெரியும். காரில் ஏசி போட்டுக்கொண்டு எட்டரைக்கு அலுவலகம் வருகிறவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

முதலில் ஒரு வளைவைப் பற்றிச் சொல்கிறேன்.

வேன் வாங்குவதற்கு முன்பு நான் மோட்டார் சைக்கிளில்தான் டவுனுக்கு வேலைக்குப் போவேன். தை, மாசி மாதத்தில் விடியற்காலை ஆறு மணிக்கு மேலே தோட்டத்துப் பக்கம் இருந்து இறங்கத் தொடங்கினால் குளிர் இருக்கும், ஆனாலும் தாங்கலாம். பாதி தூரம் இறங்கியதும் ஒரு வளைவு வரும். அந்த வளைவைத் தாண்டிய உடனே யாரோ ஐஸ் பெட்டியைத் திறந்துவிட்ட மாதிரி முழங்காலில் குளிர் அடிக்கும், விரல் மரத்துப்போகும். அதே இடத்தில் மணமும் மாறும். அதுவரைக்கும் ஈரப் புல்லும் தேயிலையும் மணக்கும், அதற்குக் கீழே டீசலும் விறகுப் புகையும்தான். உயரம் கூடினால்தான் குளிர் கூடும் என்று பாடசாலையில் படித்திருந்ததால், கீழே போகப் போக ஏன் குளிர்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஏதோ வாய்க்கால் இருக்கிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வேனில் வரும் ஒரு பிள்ளையின் அப்பா, பேராதனைக் கம்பஸில் படிப்பிக்கிறவர், ஒருநாள் வேன் பழுதாகி நடுவழியில் நின்றபோது பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டே அதை விளக்கினார். வழக்கமாக ஒரு கிலோமீட்டர் மேலே ஏறினால் ஆறு, ஆறரை பாகை குளிரும். டவுன் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 500 மீட்டர், ஹந்தானைச் சிகரம் ஆயிரத்தைத் தாண்டும். ஆகவே மேலே மூன்று பாகையாவது குளிராக இருக்க வேண்டும். ஆனால் மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று முதலில் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து இறங்கி, பள்ளத்தில் தேங்குகிறது. அதற்கு மேலே சூடான காற்று ஒரு மூடி மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. கீழே இருக்கிற கனமான காற்றால் அந்த மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே போக முடியாது. நான் கடந்தது அந்த மூடியைத்தான் என்றார் அவர். அதாவது தினமும் காலையில் நான் ஒரு குளத்துக்குள் இறங்குகிற மாதிரி இறங்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு பார்க்கும் இடமெல்லாம் அந்த மூடிதான் எனக்குத் தெரிகிறது. ஜனவரிக் காலையில் கீழே ஏதாவது ஒரு பேக்கரியின் புகைபோக்கியைப் பாருங்கள். புகை நேராக எழும்பும், கொஞ்ச உயரம் போனதும் ஏதோ சீலிங்கில் முட்டியது போல நின்று, பக்கவாட்டில் படுக்கும். பத்து வீட்டு அடுப்புப் புகையும் அதே உயரத்தில் போய்ப் படுக்கும். மேலே இருந்து பார்க்கிறவனுக்கு ஊரின் மேல் அழுக்குப் போர்வை விரித்த மாதிரி இருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், பனி என்று. பனியும் இருக்கிறதுதான். ஆனால் பனி வெள்ளையாக இருக்கும். இதன் அடியில் ஒரு பழுப்புக் கோடு இருக்கும், வெயில் ஏற ஏற அந்தக் கோடு நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் கவனித்தேன். வேனை வீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திய நாளில் காலையில் கண்ணாடியில் நிற்கும் பனித்துளியைத் துடைத்தால் துணியில் ஈரம் மட்டும்தான். ஏதாவது காரணத்துக்காக இரவில் டவுனில் நிறுத்திவிட்டு வந்தால், காலையில் அதே பனி கண்ணாடியில் கறுப்புக் கோடு கோடாக வழிந்திருக்கும், கண் மை வைத்தவள் அழுத மாதிரி. முதல் நாள் பின்னேரம்தான் கழுவின வேன் அது. அந்தத் துணியை நான் எறியாமல் வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் காட்டலாம் என்று. இதுவரை யாரும் கேட்கவில்லை.

‘கந்த’ என்றால் சிங்களத்தில் மலை. ஊரின் பெயரிலேயே மலை இருக்கிறது. மலையை நம்பித்தான் அரசர்கள் இங்கே வந்து உட்கார்ந்தார்கள். போர்த்துக்கேயர் முயன்றார்கள், ஒல்லாந்தர் முயன்றார்கள், வெள்ளைக்காரனும் 1803இல் வந்து அடி வாங்கிக்கொண்டுதான் போனான், 1815 வரைக்கும் அவனுக்கு இந்த ஊர் பணியவில்லை. அன்றைக்கு வெளியில் இருந்தவனை உள்ளே விடாத அதே மலைதான் இன்றைக்கு உள்ளே இருக்கிற புகையை வெளியே விடமாட்டேன் என்கிறது. தெற்கே ஹந்தானை, மேற்கே பஹிரவகந்தை, வடகிழக்கே உடவத்தைக்கெலே காடு, நடுவில் வாவி. இந்தக் கிண்ணத்துக்குக் கொஞ்சம் வாய் என்று இருப்பது பேராதனைப் பக்கமும், மஹியாவை தாண்டிக் கட்டுகஸ்தோட்டைப் பக்கமும்தான். காற்று போகவேண்டிய அந்த வாய்களின் வழியாகத்தான் கொழும்பு வாகனமும் யாழ்ப்பாண வாகனமும் மாத்தளை வாகனமும் வருகின்றன. கிண்ணத்தின் வாயிலேயே அடுப்பை மூட்டி வைத்த மாதிரி.

சரி, மலையை நகர்த்த முடியாது. காற்றை வீசு என்று தீர்மானம் நிறைவேற்றவும் முடியாது. அப்படியானால் எதற்கு இந்த மடல் என்று கேட்பீர்கள். மலைக்கு ஒரு நேர அட்டவணை இருக்கிறது, நமக்கும் ஒரு நேர அட்டவணை இருக்கிறது, இரண்டும் சரியாகக் காலை ஏழு மணிக்கு முட்டிக்கொள்கின்றன. மலையின் அட்டவணையை மாற்ற முடியாது, நம்முடையதை மாற்றலாம். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான், மிச்சமெல்லாம் அதற்கு விளக்கம்.

ஜனவரியில் சூரியன் உதிக்கும்போது ஆறரை ஆகிவிடும். அதுவும் கடலோரத்துக்காரனுக்கு. நமக்குக் கிழக்கே மலை இருப்பதால் பள்ளத்துத் தரையில் வெயில் விழ இன்னும் நேரமாகும். வெயில் தரையைச் சுட்டு, தரை காற்றைச் சுட்டு, அந்தக் காற்று மேலே எழும்பி மூடியைக் கிழிக்க எட்டரை, ஒன்பது மணியாவது ஆகும். அதுவரைக்கும் ஊரில் விடுகிற புகை எல்லாம் தரையில் இருந்து சில நேரம் நூறு, இருநூறு மீட்டர் உயரத்துக்குள்தான் கிடக்கும். நடுப்பகலில் அதே புகை ஒரு கிலோமீட்டருக்கு மேலே வரைக்கும் பரந்து கலந்துவிடும். ஒரு கரண்டி மிளகாய்த்தூளை ஒரு கோப்பைக் குழம்பில் போடுவதற்கும் ஒரு அண்டாக் குழம்பில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம். மத்தியானம் ஒன்றரைக்குப் பாடசாலை விடும்போது கேட்டுக்கு முன்னால் நாங்கள் அத்தனை பேரும் இன்ஜினைப் போட்டுக்கொண்டு நிற்கிறோம், அதுவும் தப்புத்தான், ஆனால் அந்தப் புகைக்குப் போக இடமிருக்கிறது. காலை ஆறே முக்காலுக்கு விடும் புகைக்கு இடமில்லை. அது பிள்ளையின் மூக்கு உயரத்திலேயே நிற்கும்.

பாடசாலை மணியோ ஏழரைக்கு. ஆகவே மூடி இறுக்கமாக இருக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் முழு மாவட்டத்தின் ஸ்கூல் வேன்களும், ஸ்கூல் பஸ்களும், அம்மா ஓட்டும் ஸ்கூட்டியும், அப்பா ஓட்டும் காரும், ஓட்டோவும் இந்தக் கிண்ணத்துக்குள் இறங்குகின்றன. பேர் பெற்ற பாடசாலைகளை எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தே இந்தப் பள்ளத்துக்குள்தான் கட்டி வைத்திருக்கிறோம். யாரோ உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

எட்டு மணிவாக்கில் இன்னொரு வேடிக்கை நடக்கும். மூடி கிழியத் தொடங்கும்போது, இரவெல்லாம் கூரைக்கு மேலே படுத்திருந்த விறகுப் புகை கலக்கப்பட்டு மறுபடி தரைக்கு இறங்கும். ஊரே நன்றாக விடிந்துவிட்டது, பனியும் போய்விட்டது, ஆனால் அப்போதுதான் கண் எரியும். பிறகு சரிவுகள் சூடாகி, காற்று மலையை நோக்கி ஏறத் தொடங்கும். பத்து மணிவாக்கில் டவுனின் பங்கு எங்கள் லயங்களுக்கும், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கும், வந்து சேரும். இரவில் எங்கள் அடுப்புப் புகையை நாங்கள் கீழே அனுப்புகிறோம், பகலில் நீங்கள் டீசலை மேலே அனுப்புகிறீர்கள். கொடுக்கல் வாங்கல் சரியாகத்தான் நடக்கிறது.

வருடம் முழுக்க இப்படி இல்லை. மே மாதத்தில் இருந்து கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் இந்த மூடி எல்லாம் நிற்காது, கடலில் இருந்து வரும் சுத்தமான காற்று கிண்ணத்துக்குள்ளும் நுழைந்து கிளறிவிட்டுப் போகும். அந்தக் கச்சான் காலத்தில் வரும் பெரஹரா ஊர்வலத்தில் எத்தனை தீப்பந்தம், எத்தனை கொப்பரை எரிகிறது, விடிந்தால் புகை இருந்த இடம் தெரியாது. பெரஹராவை ஜனவரியில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். வடகிழக்குக் காற்று வேறு மாதிரி. டிசம்பரில் இருந்து அது வங்காள விரிகுடா வழியாக வருகிறது, வரும்போது இந்தியப் பக்கத்துத் தூசியையும் புகையையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரத்தில் இலங்கை முழுக்க வானம் மங்கி, டிசம்பர் 9ஆம் திகதி அரச பாடசாலைகளை மூடியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அன்றைக்கு எல்லாரும் சொன்னது, இது இந்தியாவில் இருந்து வந்தது, நம் கையில் இல்லை என்று. வந்தது உண்மைதான். ஆனால் கொழும்புக்கு வந்த தூசியைக் கடற்காற்று ஏதோ ஒரு நேரத்தில் கூட்டித் தள்ளிவிடும். நமக்கு வந்த விருந்தாளி கிண்ணத்துக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டால் எளிதில் எழும்ப மாட்டான், அதற்கு மேல் நம் வீட்டுப் புகையும் சேரும். இந்தியா, இந்தியா என்று கையைக் காட்டும்போது நான் பார்ப்பது எனக்கு முன்னால் சேற்று நிறத்தில் புகை விட்டுக்கொண்டு போகும் பஸ்ஸைத்தான்.

அந்த பஸ்ஸையும் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். மேட்டில் ஏறும் இன்ஜின் சமதரையில் ஓடும் இன்ஜினைப் போல இருக்காது. முதலாம் கியரில், ஆள் நிறைந்து, நெரிசலில் பத்தடி நகர்ந்து பிரேக் போட்டு, மறுபடி மேட்டில் இழுத்து எடுக்கும்போது எந்த டீசல் இன்ஜினும் கறுப்பாகத்தான் கக்கும். அம்பிட்டிய ஏற்றம், அனிவத்தை ஏற்றம், எங்கள் ஹந்தானை ஏற்றம் எல்லாம் அப்படித்தான். அதே பஸ் கொழும்பில் ஓடினால் இவ்வளவு விடாது. புகைப் பரிசோதனை 2008இல் வந்தது, நானும் வருடா வருடம் போய்ச் சான்றிதழ் எடுக்கிறேன், என் வேன் பாஸ். நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை மிதித்துத்தான் பார்க்கிறார்கள். பதினாலு பிள்ளைகளோடு மேட்டில் ஏற்றிப் பார்ப்பதில்லை. ஈயம் கலந்த பெற்றோலை 2002இல் நிறுத்தினார்கள், டூ ஸ்ட்ரோக் ஓட்டோ இறக்குமதியையும் பிறகு நிறுத்தினார்கள், இதெல்லாம் பெரிய காரியம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வண்டியும் கொஞ்சம் சுத்தமானது, வண்டி பல மடங்கு பெருகியது, கிண்ணம் மட்டும் 1803இல் இருந்த அதே அளவுதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது நான் வேன் எடுக்காமல் வீட்டில் இருந்தேன். கையில் காசு இல்லை, ஆனால் காலையில் எழும்பி வாசலில் நின்றால் நக்கிள்ஸ் மலை மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. என் சின்ன மகள் அதுதான் முதல் தடவை பார்க்கிறாள், அது எந்த நாடு என்று கேட்டாள். 2022இல் எரிபொருள் வரிசையில் மூன்று நாள் படுத்திருந்தபோதும் டவுனில் வாகனமில்லை, காற்று நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது ஆனி, ஆடி, கச்சான் காலம். அந்தப் புகழை எரிபொருள் தட்டுப்பாட்டுக்குக் கொடுக்க முடியாது. 2020இல் அந்தச் சந்தேகம் குறைவு.

அந்த மகளுக்கு இழுப்பு. தை மாதம் பிறந்தால் பம்ப் இல்லாமல் வெளியே அனுப்ப முடியாது. ஒருநாள் விடியற்காலை ஓர் ஆஸ்பத்திரியில் நெபுலைஸர் பிடித்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தோம், பக்கத்தில் இருந்த நாலு பிள்ளைகளில் இரண்டு பேர் என் வேன் பிள்ளைகள். இழுப்புக்கு ஆயிரம் காரணம் இருக்கும், குளிரும் ஒன்று, தும்மலும் ஒன்று, எல்லாவற்றையும் டீசல் தலையில் கட்ட நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒரு தகப்பன் காலை ஆறே முக்காலுக்குப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் இறக்குகிறான் என்று யோசித்துப் பார்க்கிறான், அந்த வண்டியை ஓட்டுகிறவனும் அவனே.

நம் ஊர் மட்டும்தான் இப்படி என்று இல்லை. 1930 டிசம்பரில் பெல்ஜியத்தில் மியூஸ் பள்ளத்தாக்கில் தொழிற்சாலைப் புகை ஐந்து நாள் மூடிக்குள் சிக்கி அறுபது பேர் அளவில் செத்தார்கள். 1948 ஒக்டோபரில் அமெரிக்காவில் டொனோரா என்ற ஆற்றங்கரை ஊரில் துத்தநாக ஆலைப் புகை அதே மாதிரிச் சிக்கியது. 14,000 பேர் உள்ள ஊரில் 20 பேர் சில நாளில் செத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் படுத்தார்கள். அந்தப் புகைக்குள்ளேயே பாடசாலைக் கால்பந்து மேட்ச் நடந்தது, பார்க்கப் போனவர்களுக்குப் பந்து தெரியவில்லை. கடைசியில் மழை வந்துதான் ஊர் பிழைத்தது. நம்மிடம் அப்படி ஆலை இல்லை, அந்த மாதிரி நாளும் வராது. பயம் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, அவர்களும் அது வெறும் பனி என்றுதான் முதலில் நினைத்தார்கள், அதற்காகச் சொன்னேன். நமக்கு நெருக்கமான உதாரணம் காத்மாண்டு. அதுவும் கிண்ணம், அதுவும் கோயில் ஊர், அங்கேயும் மழையில்லாத குளிர்காலத்தில்தான் மோசம். 2021 மார்ச் கடைசியில் காட்டுத்தீப் புகை சேர்ந்துகொண்டதும் நாலு நாள் பாடசாலைகளை மூடினார்கள். ஹந்தானைப் புல்லும் வரட்சியில் தீப்பிடிக்கிறதுதானே, அதைக் கொளுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

மெக்சிகோ நகரத்தில் 1989இல் ஒரு காரியம் செய்தார்கள். இலக்கத் தகட்டின் கடைசி எண்ணைப் பார்த்து, வாரத்தில் ஒருநாள் உன் வண்டி ஓடக் கூடாது என்றார்கள். ஆட்கள் என்ன செய்தார்கள்? வேறு எண்ணில் இன்னொரு பழைய வண்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இங்கேயும் யாராவது இதைச் சொல்லக்கூடும், நம் ஆட்களின் கெட்டித்தனம் எனக்குத் தெரியும், தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அளவு எடுக்கிறார்களா என்றால் எடுக்கிறார்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் கருவி வைத்திருக்கிறது, எண் வருகிறது. முடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு அளவான தூசி இருக்கிறதே, பிஎம் 2.5 என்பார்கள், நுரையீரலின் அடிவரைக்கும் போகிறது அதுதான். இலங்கைச் சட்டத்தில் 2008இல் இருந்து அதற்கு ஒரு கன மீட்டர் காற்றில் ஒருநாள் சராசரி 50 மைக்ரோகிராம், வருடச் சராசரி 25 என்று எல்லை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் பரிந்துரையை 15, 5 என்று இறக்கிவிட்டது. எல்லை எவ்வளவு என்று சண்டை போட எனக்குத் தெரியாது. என் பிரச்சினை ‘சராசரி’ என்ற சொல்லில்தான். மலையின் கூத்து நடப்பது வருடத்தில் மூன்று மாதம், நாளில் இரண்டு மணி நேரம். அதைக் கச்சான் காற்று மாதங்களோடும் மத்தியான நேரத்தோடும் கூட்டி வகுத்தால் நல்ல எண்தான் வரும். வருடம் முழுக்கப் பெய்த மழையைக் கூட்டி 365ஆல் வகுத்துப் பார்த்தால் இந்த ஊரில் வெள்ளமும் வராது, மண்சரிவும் வராது. எனக்குத் தேவை காலை ஏழு மணி எண். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு பலகை, மணிக்கு ஒருதரம் மாறுகிற எண், அதுவும் பிள்ளைகள் நிற்கிற உயரத்தில், வீதியோரத்தில் எடுத்தது. மூன்றாம் மாடிக் கூரையில் எடுத்தது வேண்டாம்.

இனி என்ன செய்யலாம் என்பது. பெரிய பாலம், சுரங்கம், பல மாடி பஸ் நிலையம் எல்லாம் வரட்டும், சந்தோஷம், அதையெல்லாம் கேட்டுக் கேட்டு என் தலை நரைத்துவிட்டது. நான் கேட்பது வரும் ஜனவரிக்குள் ஆகக்கூடிய காரியம். ஜனவரியில் இருந்து மார்ச் வரைக்கும் மட்டும், டவுனுக்குள் இருக்கிற பாடசாலைகளில் பாதி எட்டரைக்குத் தொடங்கட்டும். ஏழரைக்கு வருகிறவர்களும் எட்டரைக்கு வருகிறவர்களும் பிரிந்தால் நெரிசலும் பாதியாகும், இரண்டாவது கூட்டம் வரும்போது மூடியும் திறக்கத் தொடங்கியிருக்கும். இது மாநகர சபையின் கையில் இல்லை, கல்வி அமைச்சின் கையில் என்று தெரியும். அதனால்தான் மடலின் தலையில் இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறேன். வேலைக்குப் போகிற பெற்றோருக்கு இது கஷ்டம் என்பார்கள், கஷ்டம்தான். எங்களுக்கும் இரண்டு ட்ரிப் ஓட வேண்டி வரும். பதினாறு வருடம் ஓட்டினவன் சொல்கிறேன், நெரிசலில் ஒரு ட்ரிப் எரிக்கும் டீசலில் ஒன்றரை ட்ரிப் ஓடலாம்.

இன்ஜின் விஷயத்துக்குச் சட்டமே தேவையில்லை. டவுன் பஸ் நிலையங்களில் பஸ் புறப்பட இருபது நிமிடம் இருக்கும்போதே இன்ஜினைப் போட்டு விடுகிறார்கள், ஆள் ஏறட்டும் என்று. இன்ஜின் ஓடினால்தான் பஸ் போகப்போகிறது என்று நம்பி ஆட்கள் ஏறுவார்களாம், அதுவும் ஒரு வியாபார யுக்தி. நாங்களும் கேட்டில் அதைத்தான் செய்கிறோம். அடிக்கடி அணைத்துப் போட்டால் ஸ்டார்ட்டர் தேயும் என்பது பாதி பொய், பாதி சோம்பல். மாநகர சபை ஊழியர் ஒருவரோ, பொலிஸ் ஐயா ஒருவரோ காலையில் நின்று கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், நாங்கள் அணைத்துவிடுவோம். நாங்கள் பொலிஸ் தட்டுக்குப் பழகின ஆட்கள்.

குப்பையும் சருகும் கொளுத்துவது இன்னொன்று. வாசல் கூட்டி, சருகைக் குவித்து, ஆறு மணிக்கே பற்ற வைப்பது நம் எல்லாருக்கும் பழக்கம், என் வீட்டிலும் அம்மா அதைத்தான் செய்வார். அந்த மூன்று மாதமும் பத்து மணிக்கு முன்னால் கொளுத்தாதீர்கள் என்று மூன்று மொழியிலும், வேண்டுமானால் லவுட்ஸ்பீக்கர் ஓட்டோ ஒன்றில், சொல்லிப் பாருங்கள். கொளுத்தவே கூடாது என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நேரத்தை மாற்று என்றால் கேட்பார்கள். ஈர விறகில் சமைக்கிற லயத்து வீடுகளைப் பற்றிக் கதைப்பதானால் மட்டும் கொஞ்சம் மரியாதையாகக் கதையுங்கள். கேஸ் விலை என்ன என்று உங்களுக்கும் தெரியும்.

ரயிலைப் பற்றி ஒரு வரி. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது, 1880இல் மாத்தளைக்குப் போனது. அந்தப் பாதை பேராதனை வாயால் உள்ளே வந்து, மஹியாவை, கட்டுகஸ்தோட்டை என்று மற்ற வாயால் வெளியே போகிறது. நம் இரண்டு நெரிசல் வாயிலும் தண்டவாளம் ஏற்கனவே கிடக்கிறது. காலை ஆறில் இருந்து எட்டு வரைக்கும் அதில் இருபது நிமிடத்துக்கு ஒரு சின்ன ரயில் ஓடினால் என் தொழில் கொஞ்சம் படுக்கும். பரவாயில்லை, ரயில் நிலையத்தில் இருந்து பாடசாலை வரைக்கும் கொண்டுபோய் விட ஆள் வேண்டும்தானே.

அப்புறம், இந்தப் பேச்சு எழும்பும்போதெல்லாம் கடைசியில் விழுவது நடைபாதை வியாபாரியின் தலையில்தான். அவனை அப்புறப்படுத்தி, சுவருக்கு வர்ணம் அடித்து, நாலு பூச்சட்டி வைத்து, நகரம் அழகாகிவிட்டது என்று படம் எடுப்பார்கள். அவன் புகை விடுகிறவன் இல்லை, நாள் முழுக்க அதைக் குடிக்கிறவன். உடவத்தைக்கெலே இருக்கிறதே, அது சுத்தம் பண்ணிவிடும் என்பதும் அதே மாதிரிப் பேச்சு. காடு நல்லது, நிழல் தரும், இலையில் கொஞ்சம் தூசி படியும், ஆனால் காடு மூடியைத் திறக்காது. மூடியைத் திறப்பது வெயிலும் காற்றும்தான். அந்தக் காற்று வருகிற இரண்டு வாயிலும் இனி உயரமான கட்டிடம் கேட்டு விண்ணப்பம் வந்தால், காற்று எந்தப் பக்கத்தால் போகும் என்று ஒரு கேள்வியையாவது அந்த ஃபைலில் எழுதி வையுங்கள்.

இவ்வளவும் வாசித்தும் நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. ஜனவரியில் மழையில்லாத, நட்சத்திரம் நன்றாகத் தெரிகிற ஒரு இரவுக்கு அடுத்த நாள் பார்த்து, உங்களில் யாராவது ஒருவர் ஹந்தானைக்கு வாருங்கள். என் வேனின் முன் சீட்டில் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இறங்குவோம், அந்த வளைவு வரும்போது நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், உங்கள் முழங்காலே சொல்லும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாருங்கள். ஆறு மணிக்குப் புறப்படுவேன், ஐந்து நிமிடம் பார்ப்பேன், அதற்கு மேல் நிற்க முடியாது, பிள்ளைகளுக்கு மணி அடித்துவிடும்.

இப்படிக்கு,
ஹந்தானையில் இருந்து ஒரு ஸ்கூல் வேன்காரன்